உப்பேற்றிய வண்டியை ஏன் ஆட்டிப் பார்க்கிறோம்

போன மாதம் எங்கள் டேங்கர் யார்டில், வேலையை விட்டு நின்ற எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே" என்றார்கள். "வணக்கம். நன்றி" என்று சரியாக இரண்டே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருசத்தில் நான் அதிகம் பேசிய நாள் அதுதான் என்று கூட வேலை பார்த்த மருதமுத்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு டீ குடிக்கும்போது, புதிதாகச் சேர்ந்த டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அண்ணே, உப்பு வண்டிய முன்னாலயும் பின்னாலயும் ஆட்டிப் பாக்குறமே, அத ஏன் கலியன் ஆட்டம்னு சொல்றாங்க? கலியன்னா யாரு, எதாவது சாமியா?"

என் பெயர் கலியபெருமாள் என்று அவருக்குத் தெரியாது. யார்டில் எல்லோரும் என்னைச் செந்துறையார் என்றுதான் கூப்பிடுவார்கள். மருதமுத்து மட்டும்தான் கலியா என்பார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "தெரியலைங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது பேனா மாதிரி ஒரு மீட்டர் வந்திருக்கிறது. தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண் காட்டும். இனிமேல் வண்டியை ஆட்டவும் வேண்டாம், தண்ணீரை நாக்கில் வைக்கவும் வேண்டாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். எனக்கும் முதுகுத் தண்டு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி, நாற்பத்தைந்து வயதிலேயே வீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அந்தப் பையனிடம் தெரியாது என்று சொன்னது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாயால் சொல்ல வராததை எழுதி வைக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செந்துறைப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர்கள் நாங்கள். பதினான்கு வயதில் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரியில் கிளீனராக ஏறினேன். பத்து வருசம் கழித்து அதே மாதிரி லாரிக்கு டிரைவர் ஆனேன். கல் ஏற்றும் வண்டிக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்: ஏற்று, ஓட்டு, கொட்டு. தொண்ணூற்றைந்தில் ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவில், எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. டேங்கர் ஓட்ட ஆள் வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டர் கேட்டார் என்று போனேன். மீன்சுருட்டி ரோட்டில் போகும்போதே, முந்திரி மரங்களுக்கு மேலே அந்த இரும்புக் கோபுரம் தெரிந்தது. அதை ரிக் என்பார்கள். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அங்கே எங்களுக்குச் சூப்பர்வைசர் ஷாகுல் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் குடும்பத்தில் எல்லோரும் வியாபாரம். இவர் மட்டும் வளைகுடா நாட்டில் எண்ணெய் வயலில் நான்கு வருசம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர். சட்டைக் காலருக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். அந்த வெயிலிலும் புழுதியிலும் அந்தக் கைக்குட்டை மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

முதல் நாள் என் வண்டியை உள்ளே விடுமுன் கேட்டில் நிறுத்தினார். பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார். சைலன்சர் வாயில் நெருப்புப் பொறி பறக்காமல் இருக்க ஒரு வலைக்கூடு மாட்டினார். உள்ளே போய் நிறுத்தியதும் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். சாவியை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அதை அவர் பலகையில் ஓர் ஆணியில் மாட்டுவார். குழாயைக் கழற்றும் வரை சாவி திரும்பி வராது. குழாய் மாட்டியிருப்பதை மறந்து யாராவது வண்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் எனக்குக் கஷ்டமில்லை. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் கஷ்டம். "கட்டை போட்டாச்சு! சாவி குடுத்தாச்சு!" என்று கத்த வேண்டும். ரிக் இன்ஜின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். எனக்கு வாய் அசையும், சத்தம் வராது.

"அண்ணே, கட்டை போட்டீங்களா?" என்பார் பாய்.

தலையாட்டுவேன்.

"நான் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்னு வச்சுக்குங்க. நீங்க தலையாட்டுறது எனக்குத் தெரியாது. அப்புறம் என்ன ஆகும்ணே?"

இதுதான் அவர் பழக்கம். தப்பு என்று சொல்ல மாட்டார். அப்புறம் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, நாம் பதில் சொல்லும் வரை நின்றுகொண்டே இருப்பார். இரண்டு அறை கொடுத்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கும் மருதமுத்து சும்மா இருக்க மாட்டார். "பாய், அவரு மாப்ள பாக்க வந்த பொண்ணுங்க. காப்பி டம்ளரக் குடுத்துட்டு உள்ள ஓடிருவாரு. வுட்டுடுங்க" என்பார்.

இனி உப்புக்கு வருகிறேன். எண்ணெய்க் கிணற்றை ரிப்பேர் பார்க்கும்போது உள்ளிருந்து எண்ணெயும் காற்றும் பீறிக்கொண்டு வராமல் அடக்கி வைக்க, கெட்டியான உப்புத் தண்ணீரை உள்ளே இறக்குவார்கள். அதற்கு வண்டி வண்டியாக உப்புத் தண்ணீர் போகும். அதே கிணற்றுக்கு சிமெண்ட் கலக்கவும், இன்ஜினைக் குளிர வைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். அதை அணைக்கரைப் பக்கம் ஒரு போர்வெல்லிலிருந்து கொண்டு வருவோம். சிமெண்டில் உப்பு சேர்ந்தால் வேலை கெட்டுவிடும். எங்களிடம் இருந்ததோ நான்கே டேங்கர். காலையில் உப்பு ஏற்றிய வண்டிதான் மத்தியானம் நல்ல தண்ணீர் ஏற்றும்.

அதனால் ஒரு வழக்கம். உப்பு இறக்கியதும் டேங்கரின் பின்பக்கம் சாக்பீசால் 'உப்பு' என்று எழுதிவிட வேண்டும். போர்வெல்லில் மூன்று தடவை தண்ணீர் விட்டுக் கழுவி, பின்னால் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து வடிக்க வேண்டும். மூன்றாவது தடவை வடியும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கரிக்கவில்லை என்றால் 'உப்பு' என்பதை அழித்துவிட்டு 'நல்லது' என்று எழுதலாம். ரிக்கில் பாயும் ஒரு தடவை நாக்கில் வைத்துப் பார்ப்பார். நோன்பு நாளிலும் வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுவார். அந்த வேலையில் எங்கள் எல்லோருக்கும் நாக்குதான் மீட்டர்.

நல்ல தண்ணீரை ரிக்கில் இறக்கும்போது பம்பு கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாது. ஏழெட்டுக் குடம் அடியில் நின்றுவிடும். அதை அடித்தண்ணி என்போம். திரும்பும் வழியில் அதைத் திறந்து ரோட்டில் விட்டுவிட்டுப் போவோம்.

இரண்டாவது வருசம் சித்திரை மாதம், மீன்சுருட்டியைத் தாண்டி ஒரு ஊரை ஒட்டிய மண்பாதையில், ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும் இடத்தில், ஒரு அம்மா குடத்தோடு நின்று கை காட்டினார். பெயர் கொளஞ்சி. நாற்பது வயது இருக்கும். புருசன் இறந்து இரண்டு வருசம். ஒரே மகள், ஆண்டிமடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தது.

"ஏந்தம்பி, இந்தத் தண்ணியக் கீழ வுட்டுட்டுத்தான போறீங்க?"

தலையாட்டினேன்.

"கீழ வுடுறத என் குடத்துல வுட்டா கம்பெனி கவுந்துருமா?"

கம்பெனித் தண்ணீரை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். அதைச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

"வாயத் தொறந்தா முத்து உதுந்துருமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டார். நான் திறந்துவிட்டேன். முடியாது என்று சொல்வதைவிடத் திறந்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்படித்தான் ஆரம்பித்தது.

பாதைக்குப் பக்கத்தில் அவர் கொல்லை. ஓரத்தில் தென்னங்கீற்று நிழலில், பிளாஸ்டிக் பைகளில், முந்திரிக் கன்றுகள் வரிசை வரிசையாக இருந்தன. இரண்டிரண்டு இலை விட்டிருந்தன. நாள் போகப் போக, குடத்தில் தண்ணீர் நிரம்பும் நேரத்தில், அவரே எல்லாம் சொன்னார். பாகம் பிரிக்கும்போது அந்தக் கொல்லை அவர் பங்குக்கு வந்தது. கொழுந்தனார் சின்னராசு ஒத்துக்கொள்ளவில்லை. தனிப் பொம்பளை தரிசை வைத்துக்கொண்டு என்ன செய்யும், நான் பயிர் வைத்துப் பங்கு கொடுக்கிறேன் என்றாராம். கடைசியில் ஊரில் பேசி முடித்தது இது: அந்த வருச மழைக்குள் கொளஞ்சி கொல்லை முழுக்கக் கன்று வைத்துவிட்டால் கொல்லை அவருக்கு. வைக்காவிட்டால் சின்னராசு பயிர் வைப்பார்.

"அவனுக்கு வுட்டுக் குடுத்தன்னா அப்பறம் அவன் குடுக்குறதுதான் எனக்குச் சோறு. நானா வச்சு நானா தின்னுட்டுச் செத்துப் போறேனே" என்றார். கொல்லையில் குழி எல்லாம் அவரே வெட்டி வைத்திருந்தார். கிணறு வற்றிக் கிடந்தது. அந்தக் கன்றுகள் மழை வரும் வரை உயிரோடு இருக்க வேண்டும். என் அடித்தண்ணியை நம்பித்தான் இருந்தன.

மருதமுத்துவுக்கு விசயம் தெரிந்துவிட்டது. "என்னா கலியா, தண்ணி கன்னுக்கா, கன்னு வச்ச மவராசிக்கா?" என்பார். அந்த அம்மா எனக்கு அக்கா மாதிரி என்று சொல்ல வேண்டும். அதையும் சொல்லவில்லை.

வைகாசியில் மூன்று நாள் தொடர்ந்து என் வண்டிக்குக் காலையில் உப்பு, மத்தியானம் நல்ல தண்ணீர். மூன்று நாளும் கழுவினேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன், சாக்பீசால் எழுதினேன். பாயும் பார்த்தார். குறையே இல்லை. சாயங்காலம் கொளஞ்சி அக்கா குடங்களை நிரப்பிவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த நாள் லைசென்ஸ் புதுப்பிக்கப் பெரம்பலூர் போய், அப்படியே ஊருக்குப் போய், நான்கு நாள் கழித்துத்தான் வண்டி எடுத்தேன்.

ஏற்றத்தில் வரும்போதே சத்தம் கேட்டது. அக்கா கொல்லையில் நின்று ஊருக்கே கேட்கும்படி ஏசிக்கொண்டிருந்தார். கன்றுகள் எல்லாம் இலை நுனி கருகிச் சுருண்டு தொங்கின.

"பாத்தியா தம்பி, பாவி பண்ணுன வேலைய! யூரியா மூட்டைய சைக்கிள்ல வச்சுக்கிட்டு இந்தப் பக்கமாத்தான் போனான். என் கண்ணால பாத்தேன். கரைச்சு ஊத்திட்டான். யூரியா ஊத்துனாத்தான் இப்புடிக் கருகும். ஞாயித்துக்கிழம கோயில்ல கற்பூரம் ஏத்தச் சொல்லிட்டேன். சத்தியம் பண்ணட்டும்."

மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி, 'நான் செய்யவில்லை' என்று சொல்லிக் கையால் அடித்து அணைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் அதுதான் கடைசிச் சத்தியம். அப்படி ஒருவரைச் சத்தியம் செய்ய வைத்துவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் புழங்காது. சாவுக்குக்கூடப் போக மாட்டார்கள்.

நான் ஒரு பையை எடுத்துப் பார்த்தேன். மேல் மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தேன்.

அந்தக் கரிப்பு எனக்குத் தெரியும். தினமும் காலையில் நான் ஏற்றுவது அதைத்தான்.

அக்கா பேசிக்கொண்டே இருந்தார். நான் பையை வைத்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. யார்டு வரைக்கும் எனக்குள் ஓடிய யோசனை இதுதான்: சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வண்டி போய்விடும். சொல்லாவிட்டால் அந்தச் சின்னராசு, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், செய்யாத வேலைக்குக் கற்பூரத்தில் கை வைப்பார்.

மறுநாள் காலை ஷாகுல் பாய் முன்னால் போய் நின்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு எப்படியோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேள்விதான் கேட்டார். "எத்தனை குடம்? மூணு நாளுமா? கழுவும்போது வண்டி எப்படி நின்னுச்சு? மூஞ்சி எந்தப் பக்கம்?"

போர்வெல் இருக்கும் இடம் சரிவு. வண்டியின் முன்பக்கம் பள்ளத்தில் இருக்கும்படிதான் நிற்கும். சொன்னேன்.

"அந்தம்மா கொல்லைகிட்ட?"

"ஏத்தம்ங்க. முன்பக்கம் மேல இருக்கும்."

அவர் கைக்குட்டையை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். டார்ச்சை வாங்கிக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து டேங்கருக்குள் இறங்கினார். வெளியே வந்தபோது கையில் வெல்லக்கட்டி அளவுக்கு ஓர் உப்புக்கட்டி. டேங்கருக்குள் தண்ணீர் ரொம்ப அலையாமல் இருக்கக் குறுக்கே தகடு வைத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் தகட்டுக்கு அந்தப் பக்கம், முன் மூலையில் உப்பு படிந்து இறுகிக் கிடந்திருக்கிறது. பள்ளத்தில் மூஞ்சி வைத்துக் கழுவும்போது உப்பெல்லாம் முன்னாலேயே நின்றுவிட்டது. பின்னால் இருக்கும் குழாயில் வந்தது வெறும் நல்ல தண்ணீர். நிறைந்த வண்டியிலும் அது அடியிலேயே கிடந்தது. அடித்தண்ணி மட்டும் மிஞ்சி, வண்டி ஏற்றத்தில் ஏறியதும், உப்பு அத்தனையும் பின்னால் ஓடி வந்து அக்கா குடத்தில் விழுந்தது. ரோட்டில் கொட்டுகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

பாய் அந்தக் கட்டியை மட்கார்டு மேல் வைத்தார். "நானுந்தான் நாக்குல வச்சுப் பாத்தேன்ணே. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு, "பதினஞ்சு நாள் நீங்க வண்டியில ஏறக் கூடாது. அது தண்ணிய வெளிய குடுத்ததுக்கு. உப்பு நின்னதுக்கு உங்கள மட்டும் சொல்ல முடியாது. அதுல எனக்கும் பங்கு இருக்கு."

"அந்த அக்காகிட்டங்க..."

"அது ஆபீஸ் விசயம் இல்ல. ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். ஆனா நான் பேச மாட்டேன். நான் பேசுனா கம்பெனி பேசுற மாதிரி இருக்கும். நீங்க பேசுனாத்தான் அந்தாளு தப்பிப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை பாயே வண்டியை ஓட்டினார். டேங்கர் நிறைய நல்ல தண்ணீர். தன் பேரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தார். நான் கிளீனர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கோயில் வாசலில் ஐம்பது அறுபது பேர். சின்னராசு குளித்துவிட்டு ஈரத் தலையோடு, சட்டை இல்லாமல் நின்றார். அவரை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். தட்டில் கற்பூரம் இருந்தது. தீப்பெட்டி அவர் கையில். அக்கா எதிரில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

நான் நடுவில் போய் நின்றேன். "உப்பு" என்றேன்.

"யாருய்யா இது?"

"டேங்கர் ஓட்டுறவரு. என்னய்யா, சத்தமாச் சொல்லு!"

"உப்புங்க. யூரியா இல்லீங்க. அவரு ஊத்தலைங்க. நாந்தான் ஊத்துனேன்."

கூட்டத்தில் ஒரே இரைச்சல். யாருக்கும் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் குடம் ஒன்று கிடந்தது. அதில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு கைப்பிடி மண்ணும் போட்டுக் கையில் படுக்கை வசமாகப் பிடித்தேன். குடத்தின் வாய்தான் டேங்கர் குழாய் என்று காட்டினேன். குடத்து அடியைத் தாழ்த்தினேன். மண் அடியில் போய்த் தங்கியது. அப்படியே அடியைத் தூக்கினேன். மண்ணும் தண்ணீருமாக வாய் வழியாக என் காலில் கொட்டியது.

"இப்புடித்தாங்க" என்றேன்.

ஒரு கிழவர்தான் முதலில் பேசினார். "அடங்கொப்புரான, இதுக்கா ஒருத்தன ஈரத்தோட நிக்க வச்சோம்?"

சின்னராசு யாரையும் பார்க்கவில்லை. தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

அதற்கு அப்புறம் கொல்லைக்குப் போனோம். பையில் உள்ள உப்பை நல்ல தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி இறக்கினால் சில கன்றுகள் பிழைக்கும் என்று பாய் சொன்னார். நான் குழாயைத் திறக்கப் போனபோது, "நில்லு" என்றார் அக்கா. கையை நீட்டி, உள்ளங்கையில் பிடித்து, வாயில் வைத்துப் பார்த்தார். "ம். ஊத்து" என்றார். வேலை முடியும் வரை என்னிடம் அவர் பேசியது அவ்வளவுதான். பாய், நான், அக்கா மூன்று பேரும் பொழுது சாயும் வரை பை பையாக ஊற்றினோம்.

வேலை முடிந்ததும் அக்கா வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கன்னு போனதுகூடப் போவுது தம்பி. அவன் வூட்டு வாசல்ல போயி நிக்க வச்சிட்டியே. தெருத் தெருவா நின்னு அவனத் திட்டியிருக்கேன். இப்ப எந்த மூஞ்சியோட போறது?"

"நானும் வர்றேங்க்கா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

சின்னராசு வீட்டு வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்கா பேசவில்லை. நான் பேசவில்லை. மாடு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னா, ரெண்டு பேரும் வந்திருக்கீங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு வாயாவது எடுத்துட்டு வந்திருக்கலாமுல்ல?" என்றார் சின்னராசு.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டார். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "தப்புத்தான் சின்னராசு. நாக்கு அழுவிப் போவ, என்னென்னவோ பேசிட்டேன்" என்றார்.

"பேசுனத வுடுங்க அண்ணி. கற்பூரம் ஏத்தச் சொன்னீங்க பாருங்க, அதான். எங்கண்ணன் இருந்தா ஏத்த வுடுமா?" அவ்வளவு சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி ஆளுக்கொரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம். சமாதானம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் புழங்கும், அது தெரிந்தது.

பதினைந்து நாள் நான் மற்ற டேங்கர்களுக்குள் இறங்கி மூலை மூலையாக உப்புச் சுரண்டினேன். அதற்குப் பிறகு உப்பு ஏற்றிய வண்டியைக் கழுவும்போதெல்லாம், சமதளத்துக்குக் கொண்டுவந்து, முன்னால் போய் ஒரு பிரேக், பின்னால் வந்து ஒரு பிரேக் என்று மூன்று தடவை ஆட்டிவிட்டுத்தான் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பாய் சட்டம் போட்டார். அதற்கு அந்தப் பெயர் வைத்தது மருதமுத்து. கலியன் ஆட்டம் ஏன் வந்தது என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

அக்காவின் கன்றுகளில் பாதிக்கும் குறைவாகத்தான் பிழைத்தன. புதிதாக விதை போட்டுக் கன்றாக்க நேரமில்லை. மழை வந்துவிட்டது. இருந்ததை வைத்தார். பாதைப் பக்கத்துக் குழிகளில் கன்று நின்றது. அதற்கு அப்பால் குழியெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கிக் காலியாகவே கிடந்தது. வண்டியில் போகும்போது நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். ஊரில் பேசி முடித்தது எனக்குத் தெரியும். முழுக்க வைத்தால்தான் அக்காவுக்கு. என்னால் அது பாதியாகிவிட்டது.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள் அந்த ஊர் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். நல்ல மழை. உள்ளே ஏழெட்டுப் பேர். பஞ்சாயத்துப் பேசிய பெரியவர் ஒருவரும், பெஞ்சின் அந்த மூலையில் சின்னராசும் இருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு டீயை வாங்கினேன்.

பெரியவர் சின்னராசுவிடம் கேட்டார். "ஏம்ப்பா, பாதிக் குழி சும்மாதான கெடக்கு. கொல்லைய எப்ப எடுத்துக்கப் போற? பேசுனது பேசுனதுதான?"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னராசு கிளாசை ஆட்டி ஆட்டி மிச்சத்தைக் குடித்து முடித்தார். "எந்தக் கொல்லைய?" என்றார். "அண்ணி கொல்லைய நான் எதுக்கு எடுக்குறேன்? முந்திரிய ஒரே வருசத்துல எவனாவது நெருக்கி வப்பானா? பாதி இந்த வருசம், பாதி அடுத்த வருசம். அப்படி வச்சாத்தான் வேர் புடிக்கும். தெரிஞ்சுதான் வுட்டு வச்சிருக்கு."

"அப்படி ஒரு கணக்கு நான் கேள்விப்பட்டதில்லையே" என்றார் பெரியவர்.

"கேள்விப்படாட்டி இந்தா, இவரக் கேளுங்க. ஊரு ஊராச் சுத்துறவரு." என் பக்கம் திரும்பினார். "என்னா டேங்கர்காரரே, நான் சொல்றது சரிதான?"

எனக்கு முந்திரியைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

"சரிதாங்க" என்றேன்.